மோசின் நாகன்ட் 91/30 வாங்கலாமா? போல்ட்டைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்

இந்த ரைஃபிள் பற்றி எல்லோரும் சொல்லும் முதல் குறை, போல்ட் இறுகுகிறது என்பதுதான். ஒரு தோட்டாவைச் சுட்ட பிறகு கைப்பிடி மேலே வராமல் நிற்கும். உள்ளங்கையால் தட்டிப் பார்ப்பார்கள், அதற்கும் வராவிட்டால் ரப்பர் சுத்தியல், அப்புறம் வீட்டுக்கு வந்து அரத்தையும் உப்புத்தாளையும் எடுத்து உட்கார்ந்துவிடுவார்கள். என்னிடம் மூன்று வருடமாக ஒரு 91/30 இருக்கிறது. நண்பர்களுடையதையும் சேர்த்து இதுவரை ஆறு போல்ட்டைக் கழற்றிப் பார்த்திருக்கிறேன். ஐந்தில் கோளாறு இரும்பில் இல்லை, பழைய கிரீஸில் இருந்தது. ஆறாவதில் மட்டும் இரும்பிலேயே கோளாறு. அதுவும் ஆலையில் வந்தது இல்லை, சமீபத்தில் யாரோ தேய்த்ததால் வந்தது. அந்த ஆறாவது போல்ட்டைப் பார்த்த அன்றுதான் இதை எழுதியே ஆக வேண்டும் என்று முடிவு செய்தேன்.

நான் கோவையில் லேத் பட்டறையில் தொழில் கற்றவன். இப்போது கனடாவில் ஒன்டாரியோ மாகாணத்தில் ஒரு டூல் ரூமில் வேலை. இங்கே முறையான பயிற்சி வகுப்பு முடித்து உரிமம் வாங்கினால் இந்த மாதிரிப் பழைய ராணுவ ரைஃபிள்களைச் சட்டப்படி வைத்துக்கொள்ளலாம், ரேஞ்சில் சுடலாம். துப்பாக்கி மேல் எனக்குச் சின்ன வயதில் இருந்தே ஆர்வம் இருந்தது என்று சொன்னால் அது பொய். எனக்குப் பிடித்தது இரும்பு வேலை. ஒரு பாகம் இன்னொரு பாகத்தோடு எப்படி உட்காருகிறது, எங்கே உரசுகிறது, எங்கே உரசக் கூடாது என்று பார்ப்பதில் எனக்கு நேரம் போவதே தெரியாது. அந்த வகையில் இந்த ரைஃபிளின் போல்ட் போல எனக்குப் பாடம் சொன்ன பொருள் வேறு இல்லை.

போல்ட் என்றதும் நட்டு போல்ட்டை நினைக்க வேண்டாம். தோட்டாவைக் குழலின் பின்கோடியில் இருக்கும் சேம்பருக்குள் தள்ளி, பின்பக்கத்தை அடைத்துப் பூட்டி, சுட்ட பிறகு வெற்றுக் கூட்டை வெளியே இழுக்கும் அந்த உருளைதான் போல்ட். வெடிக்கும்போது வரும் அழுத்தம் முழுவதையும் தாங்குவது அதன் முனையில் இருக்கும் இரண்டு காதுகள், லாக்கிங் லக் என்பார்கள். சுடுகிறவரின் முகத்துக்கும் வெடிப்புக்கும் நடுவில் இருப்பது அவை மட்டும்தான். இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

ரைஃபிளின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1891-ல் ரஷ்ய ராணுவம் ஏற்றுக்கொண்ட வடிவம் இது. செர்கே மோசின் என்ற ரஷ்ய அதிகாரியும் பெல்ஜியத்தைச் சேர்ந்த நாகன்ட்டும் போட்டிக்குத் தனித்தனியாகக் கொடுத்த வடிவங்களில் இருந்து பிறந்தது. 1930-ல் சில மாற்றங்கள் செய்தார்கள், அதனால் 91/30. தோட்டா 7.62×54ஆர், அடியில் விளிம்பு துருத்திக்கொண்டிருக்கும் பழைய வகை. மேகசினில் ஐந்து போடலாம். முழு நீளம் 1232 மில்லிமீட்டர், எடை நான்கு கிலோ பக்கம். சோவியத் காலத்தில் துலா, இஷெவ்ஸ்க் என்று இரண்டு ஆலைகளில் செய்தார்கள். நட்சத்திரத்துக்குள் அம்பு இருந்தால் துலா, முக்கோணத்துக்குள் அம்பு இருந்தால் இஷெவ்ஸ்க்.

என்னுடையது 1942 இஷெவ்ஸ்க், 420 கனடா டாலர் கொடுத்தேன். 1942, 43 வருடங்களில் போர் உச்சத்தில் இருந்தது, ஜெர்மன் படை ரஷ்யாவுக்குள் ஆழமாக வந்துவிட்டது, ஆலையில் எண்ணிக்கைதான் முக்கியம். அந்த வருட ரைஃபிள்களை எடுத்துப் பார்த்தால் போல்ட் ஓடும் இரும்பு உடலான ரிசீவர் மேல் கட்டர் போன தடம் வரிவரியாக அப்படியே தெரியும். ஃபினிஷிங் பாஸ் ஓட்ட அவர்களுக்கு நேரமில்லை. முதல் தடவை பார்த்தபோது என் கைக்கு அது உறுத்தலாகத்தான் இருந்தது, எங்கள் பட்டறையில் அப்படி ஒரு பீஸை வெளியே அனுப்பியிருந்தால் முதலாளி திருப்பி வீசியிருப்பார். அப்புறம் உள்ளே கழற்றிப் பார்த்தபோது புரிந்தது. வெளியே விட்டுவிட்டார்கள், உள்ளே விடவில்லை. லக் உட்காரும் முகம், சேம்பர், போல்ட் தலையின் முகம், இந்த மூன்றிலும் வேலை சுத்தமாக இருந்தது. எங்கே அவசரப்படலாம், எங்கே கூடாது என்று அந்த ஆலைக்காரர்களுக்குத் தெரிந்திருந்தது.

போர் முடிந்ததும் இவற்றை ராணுவக் கிடங்குகளில் புதுப்பித்து, துருப்பிடிக்காமல் இருக்கக் காஸ்மோலின் என்ற கெட்டியான பழுப்புக் கிரீஸில் முக்கி எடுத்து அடுக்கி வைத்தார்கள். பிரச்சினை இங்கேதான் ஆரம்பிக்கிறது. புதுப்பிக்கும்போது பாகங்களைக் கலந்துவிட்டார்கள், எந்தப் போல்ட் எந்த ரைஃபிளில் பொருந்தியதோ அதில் போட்டு, பழைய எண்ணைக் கோடு போட்டு அடித்துப் புது எண்ணைக் குத்தினார்கள். ஆகவே உங்கள் ரைஃபிளில் போல்ட் எண்ணும் ரிசீவர் எண்ணும் ஒன்றாக இருக்கிறது என்பதால் அந்த இரண்டும் ஒன்றாகப் பிறந்தவை என்று நினைத்துவிடாதீர்கள். கடைக்காரர் அதைக் காட்டி விலை ஏற்றினால் அடித்த கோடு தெரிகிறதா என்று லென்ஸ் வைத்துப் பாருங்கள்.

அந்தக் காஸ்மோலின் வெளியே துடைத்தால் போய்விடும். சேம்பருக்குள் மெல்லிய படலமாக ஒட்டியிருப்பது போகாது. பார்த்தால் தெரியாது, விரல் விட்டாலும் இரும்பு மாதிரிதான் இருக்கும். பத்துப் பதினைந்து ரவுண்டு சுட்டுச் சேம்பர் சூடானதும் இளகிப் பசையாகும். தோட்டா வெடிக்கும்போது கூடு விரிந்து சேம்பர் சுவரில் ஒட்டும், பிறகு கொஞ்சம் சுருங்கி விலக வேண்டும், பசை இருந்தால் விலகாது. கைப்பிடியும் சின்னது, நேராகப் பக்கத்தில் நீட்டிக்கொண்டிருக்கும், நெம்புகோல் பலமே இல்லை. அதைத் திறக்க முடியாமல்தான் போல்ட் சரியில்லை என்கிறார்கள். போல்ட் என்ன செய்யும்?

என்னுடையதில் இதேதான் நடந்தது. ரேஞ்சில் இருபதாவது ரவுண்டில் இறுகியது. வீட்டுக்கு வந்து சேம்பருக்கு 20 கேஜ் ஷாட்கன்னுக்கு விற்கும் பித்தளைப் பிரஷ் ஒன்று வாங்கினேன், அளவு கச்சிதமாகப் பொருந்தும். அதை ஒரு துண்டுக் கம்பியில் மாட்டிக் கையாலேயே சுற்றினேன், வார்சால் என்ற கரைப்பானில் நனைத்து, கெட்டில் வெந்நீர் ஊற்றி, மறுபடி வார்சால், மறுபடி வெந்நீர் என்று நாலு சுற்று. முதல் துணி தேநீர் நிறத்தில் வந்தது, நாலாவது வெள்ளையாக வந்தது. அடுத்த வாரம் அதே ரேஞ்ச், அதே பெட்டித் தோட்டா, அறுபது ரவுண்டு, ஒரு தடவைகூட இறுகவில்லை. பிரஷ் விலை பத்து டாலருக்குள். ரைஃபிளின் மரக்கட்டை மேல் மட்டும் ஸ்பிரிட் எதுவும் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், அதில் பூசியிருப்பது அரக்கு வார்னிஷ், ஆல்கஹால் பட்டால் கரைந்துவிடும்.

சரி, சேம்பர் சுத்தம் செய்த பிறகும் கனமாக இருந்தால்? அப்போதும் உடனே தேய்க்கக் கூடாது, எங்கே கனம் என்று முதலில் கண்டுபிடிக்க வேண்டும். நான் செய்யும் முறை சாதாரணமானது. வேலை செய்யும் அறையில் தோட்டாவே இருக்கக் கூடாது, ரைஃபிள் காலி என்று கண்ணாலும் விரலாலும் பார்த்த பிறகுதான் எல்லாம். போல்ட்டைக் கழற்றி, தோட்டாவைத் தட்டி வெடிக்க வைக்கும் ஃபயரிங் பின்னையும் அதன் ஸ்பிரிங்கையும் வெளியே எடுத்துவிட்டு, மிச்ச மூன்று பாகத்தை மட்டும் ரிசீவரில் போட்டுத் திருப்பிப் பாருங்கள். ஒரு விரலில் திரும்ப வேண்டும். திரும்பினால் போல்ட்டுக்கும் ரிசீவருக்கும் சண்டை இல்லை. அடுத்து ஸ்பிரிங்கைப் போட்டு முழுதாகப் பூட்டித் திறந்து பாருங்கள், இப்போது கனமாகத்தான் இருக்கும், ஏனென்றால் இந்த ரைஃபிளில் கைப்பிடியைத் தூக்கும்போதுதான் ஸ்பிரிங் அழுந்தி விசை ஏறுகிறது. அந்தக் கனம் இயல்பு. கனமாக ஆனால் ஒரே சீராக ஏறினால் நல்லது. நடுவில் கரகரவென்று மணல் அரைப்பது போல இருந்தால், அல்லது ஒரு இடத்தில் தட்டி நின்று தாண்டினால், அங்கே பிசிறு இருக்கிறது என்று அர்த்தம்.

அது எந்த இடம் என்று கண்டுபிடிக்க ப்ரஷ்யன் புளூ என்ற நீல மையைப் பூசலாம், இல்லாவிட்டால் கறுப்பு மார்க்கர் பேனாவே போதும். போல்ட் முழுக்கப் பூசி, ஐம்பது தடவை திறந்து மூடி, எங்கே மை அழிந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். எனக்குப் பெரும்பாலும் இரண்டு இடத்தில் அழிந்திருந்தது. ஒன்று, போல்ட்டின் வாலில் சாய்வாக வெட்டியிருக்கும் கேம், அதன் மேல், போல்ட்டின் பின்கோடியில் ஃபயரிங் பின்னைப் பிடித்திருக்கும் காக்கிங் பீஸின் மூக்கு ஏறி இறங்கும் இடம். இன்னொன்று, போல்ட்டுக்கு அடியில் ஓடும் இணைப்புப் பட்டையின் ஓரங்கள். இந்த இரண்டு இடமும் வெடிப்பின் அழுத்தத்தைத் தாங்கும் இடங்கள் இல்லை. இங்கே மெருகேற்றலாம்.

மெருகேற்றுவது என்று நான் சொல்வது கட்டர் விட்ட மேட்டின் நுனியை மட்டும் எடுப்பது, பள்ளம் மறையும்வரை தேய்ப்பது இல்லை. நான் பயன்படுத்துவது நயமான எண்ணெய்க்கல், கேமின் சாய்வோடு ஒரே திசையில், எண்ணெய் விட்டு, பத்து இழுப்பு, துடை, பூட்டிப் பார், மறுபடி பத்து இழுப்பு. கேமின் கோணம் மாறக் கூடாது. ஓரங்களில் இருக்கும் பிசிறைக் கல்லின் விளிம்பால் ஒரு தடவை தடவினாலே போய்விடும். என் போல்ட்டுக்கு மொத்த வேலை முக்கால் மணி நேரம், அதில் கல் இரும்பைத் தொட்டது பத்து நிமிடம்கூட இருக்காது, மிச்சமெல்லாம் பார்ப்பதும் துடைப்பதும்தான். கட்டர் தடம் இன்னும் அதில் தெரிகிறது, அது இருந்துவிட்டுப் போகட்டும், அது 1942-ன் கையெழுத்து.

டிரிகரோடு இணைந்த சியர், அது பிடிக்கும் காக்கிங் பீஸின் முகம், இரண்டையும் தொடாதீர்கள். டிரிகர் இலேசாகும் என்று தேய்ப்பார்கள், ஒரு நாள் போல்ட்டை வேகமாக மூடும்போது தானாக வெடிக்கும். வால்வு அரைக்கும் பசையைப் போல்ட்டில் பூசிக் கொண்டு நூறு தடவை திறந்து மூடச் சொல்லும் ஆட்களும் இருக்கிறார்கள். அந்தப் பசைக்கு எது தேய வேண்டியது எது தேயக் கூடாதது என்று தெரியாது, லாக்கிங் லக்கையும் சேர்த்தே தின்னும்.

இப்போது அந்த ஆறாவது போல்ட். மதுரைக்காரத் தம்பி ஒருவர் இங்கே பக்கத்து ஊரில் இருக்கிறார். போன வருடம் ஒரு கடையில் 91/30 வாங்கினார், போல்ட் ஏற்கெனவே மெருகேற்றியது என்று 80 டாலர் கூடுதலாக வாங்கியிருக்கிறார்கள். "அண்ணே, வெண்ணெய்யில கத்தி போற மாதிரி போகுது, வந்து பாருங்க" என்று கூப்பிட்டார். உண்மையிலேயே அப்படித்தான் போனது. வெளியே போல்ட் முழுவதும் கண்ணாடி மாதிரி மின்னியது. எனக்கு அந்த மினுமினுப்பைப் பார்த்ததும் வயிற்றில் ஏதோ செய்தது, ஏனென்றால் லக்கின் பின்முகமும் மின்னியது. அந்த முகத்தில் நல்ல மங்கலான, சீரான தேய்மானத் தடம் இருக்க வேண்டுமே தவிர பாலிஷ் இருக்கக் கூடாது. புளூ பூசிப் பார்த்தோம். ஒரு லக் மட்டும்தான் ரிசீவரில் உட்கார்ந்தது, இன்னொன்று தொடவே இல்லை. இரண்டு பேர் சுமக்க வேண்டியதை ஒருவர் சுமக்கிறார்.

நான் அதற்கு மேல் தீர்மானிக்கவில்லை. எனக்கு இரும்பு தெரியும், துப்பாக்கிப் பழுது பார்ப்பது என் தொழில் இல்லை. இரண்டு மணி நேரம் வடக்கே ஓட்டிக்கொண்டு போய் ஒரு வயதான துப்பாக்கி மெக்கானிக்கிடம் காட்டினோம், தனக்கு வேலை ஏற்கெனவே அதிகம் என்று பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார், அதனால் போடவில்லை. அவர் முதலில் ஹெட்ஸ்பேஸ் பார்த்தார். போல்ட் முகத்துக்கும் தோட்டா உட்காரும் இடத்துக்கும் நடுவில் இருக்கும் இடைவெளிதான் ஹெட்ஸ்பேஸ், இந்தத் தோட்டாவில் அது அடி விளிம்பின் கனத்தை வைத்துக் கணக்காகிறது. அதற்கென்று மூன்று கேஜ், அதாவது அளவு பார்க்கும் இரும்புத் துண்டுகள், உண்டு: கோ, நோ-கோ, ஃபீல்ட். கோ கேஜில் போல்ட் மூட வேண்டும். நோ-கோவில் மூடாமல் இருந்தால் நல்லது. ஃபீல்டில் மூடவே கூடாது, மூடினால் அந்த ரைஃபிளைச் சுடக் கூடாது. ஃபயரிங் பின்னை எடுத்துவிட்டு, கேஜின் விளிம்பை வெற்றுக் கூட்டை இழுக்கும் எக்ஸ்ட்ராக்டர் கொக்கிக்குள் செருகி, விரல் நுனியால் மட்டும் மூடிப் பார்த்தார். கோவில் மூடியது, நோ-கோவில் மூடியது, ஃபீல்டிலும் வழுக்கிக்கொண்டு மூடியது. தம்பி அதுவரை அதில் சுட்டது இருபது ரவுண்டு. கூடுகளைப் பையில் வைத்திருந்தார், எடுத்துக் கொடுத்தார். மெக்கானிக் ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, அடிக்கு மேலே வட்டமாக ஒரு மின்னும் கோட்டைக் காட்டினார். கூடு பின்னால் நீண்டு அங்கே மெலிந்திருக்கிறது. இன்னும் கொஞ்சம் போயிருந்தால் அங்கேதான் பிளந்திருக்கும். தம்பி அப்புறம் வீடு வரும்வரை ஒன்றும் பேசவில்லை.

மோசினில் ஒரு நல்ல விஷயம், போல்ட்டின் தலை தனிப் பாகம், லக் இரண்டும் அதில்தான் இருக்கின்றன. பெட்டி நிறையப் பழைய தலைகள் வைத்திருந்தார், ஒவ்வொன்றாகப் போட்டுப் புளூவும் கேஜும் பார்த்து, ஆறாவதோ ஏழாவதோ இரண்டு லக்கும் உட்கார்ந்து நோ-கோவில் நின்றது. பாகமும் கூலியும் சேர்த்து 90 டாலர் வாங்கினார். அதாவது 80 கொடுத்துக் கெடுத்ததை 90 கொடுத்துச் சரி செய்தோம்.

அவரிடம் கற்ற இன்னொன்று ஃபயரிங் பின் நீட்டம். ரைஃபிளோடு வரும் சின்ன சோவியத் கருவியைத் திருப்புளி என்று நினைத்து நான் டிராயரில் போட்டு வைத்திருந்தேன். அதன் ஓரத்தில் 75, 95 என்று எண் போட்டு இரண்டு வெட்டு இருக்கும். அது அங்குலத்தில் ஆயிரத்தில் 75, 95 பங்கு, மில்லிமீட்டரில் 1.9, 2.4 பக்கம். விசை இறங்கிய போல்ட்டின் முகத்தில் அதை வைத்துத் தள்ளினால் 95 வெட்டு பின்னைத் தொடாமல் தாண்ட வேண்டும், 75 வெட்டு பின்னில் இடிக்க வேண்டும். பின் குறைவாக நீண்டால் தோட்டா வெடிக்காது, அதிகமாக நீண்டால் தோட்டாவின் அடியில் மருந்தைப் பற்றவைக்கும் பிரைமரைத் துளைத்துச் சூடான வாயு முகத்துக்கு வரும். போல்ட்டைக் கழற்றி மாட்டும்போது பின்னைக் காக்கிங் பீஸுக்குள் திருகித்தான் பூட்ட வேண்டும், ஒரு சுற்று கூடினாலோ குறைந்தாலோ இந்த நீட்டம் மாறிவிடும், பின்னின் பின்நுனி காக்கிங் பீஸோடு சமமாக, மேலே உள்ள கோடு கோட்டோடு நேராக நிற்கிறதா என்று பார்த்துவிட்டுக் கருவியால் அளக்க வேண்டும். 1891-ல் வரைந்த ஒரு போல்ட்டை ஒரு சிப்பாய் பதுங்குகுழியில் உட்கார்ந்து எந்தப் பட்டறையும் இல்லாமல் ஏழு பாகமாகப் பிரித்து, அளந்து, திருப்பிப் பூட்டலாம். இதற்காகவே இந்த ரைஃபிளை எனக்குப் பிடிக்கிறது.

கழற்றியிருக்கும்போதே மற்றதையும் பார்த்துவிடுங்கள். போல்ட் முகத்தில் பின் வரும் ஓட்டையைச் சுற்றி வட்டமாகப் புள்ளிப் புள்ளி அரிப்பு இருக்கலாம், பழைய பிரைமரின் வேலை அது. பின்னின் முனை உருண்டையாக இருக்க வேண்டும், கூராகவோ உடைந்தோ இருந்தால் மாற்றுங்கள். லக்கின் அடியில் விரிசல் இருக்கிறதா என்று பார்க்க எங்கள் கோவைப் பட்டறை வழக்கத்தையே இங்கேயும் செய்தேன்: மண்ணெண்ணெயில் ஒரு ராத்திரி ஊறப் போட்டு, நன்றாகத் துடைத்து, சாக்பீஸ் பொடியைத் தூவி அரை மணி நேரம் விடுவது. விரிசல் இருந்தால் உள்ளே போன எண்ணெய் கசிந்து வெள்ளைப் பொடியில் கறுப்புக் கோடாக எழுதிக் காட்டும். என்னுடையதில் ஒன்றும் வரவில்லை.

டின்னில் அடைத்து வரும் பழைய சோவியத் தோட்டாவைச் சுடுகிறீர்கள் என்றால் அன்றைக்கே போல்ட்டைக் கழுவியாக வேண்டும். அதன் பிரைமர் வெடித்ததும் மிஞ்சுவது ஒரு வகை உப்பு, காற்றில் இருக்கும் ஈரத்தை இழுத்துக் கடலோர வீட்டு ஜன்னல் கம்பி மாதிரி துருவாக்கும். எண்ணெய் அதைக் கரைக்காது, தண்ணீர்தான் கரைக்கும். வெந்நீர் ஊற்றிக் கழுவி, காயவிட்டு, அப்புறம் எண்ணெய்.

ஒப்பிட்டுச் சொல்லாவிட்டால் விமர்சனம் பாதிதான். என்னிடம் ஒரு லீ என்ஃபீல்ட் நம்பர் 4-ம் இருக்கிறது, டொரன்டோ பக்கத்தில் லாங் பிராஞ்ச் ஆலையில் செய்தது. ஊரில் கருவூல வாசலில் பாரா நின்ற போலீஸ்காரர் தோளில் பார்த்த த்ரீ நாட் த்ரீயின் தம்பி. அதன் போல்ட் 60 டிகிரி தூக்கினால் போதும், மோசினில் 90. விசை ஏறுவதும் மூடும்போதுதான், அதனால் திறப்பது இலகு. மெருகேற்ற அதில் ஒன்றுமே இல்லை, வரும்போதே அப்படித்தான் வருகிறது. ஹெட்ஸ்பேஸுக்கு போல்ட் தலையை 0, 1, 2, 3 என்று நான்கு அளவில் எண் போட்டே செய்திருக்கிறார்கள். ஆனால் லாங் பிராஞ்ச்சின் மார்க் 1 ஸ்டார் வகையில் போல்ட் தலையைக் கழற்றுவதற்காக அது ஓடும் தண்டவாளம் போன்ற தடத்திலேயே ஒரு வெட்டு விட்டிருப்பார்கள், அந்த வெட்டின் ஓரம் உடைந்திருந்தால் வேகமாக இழுக்கும்போது தலை தடம் மாறிக் கிளம்பிவிடும். வாங்கும் முன் அங்கே விரல் வைத்துப் பாருங்கள். அந்த ஆலையில் போர்க்காலத்தில் வேலை செய்தவர்களில் பெரும்பான்மை பெண்கள். ஆலை இடித்தாகிவிட்டது, ஆயுதங்களைச் சோதித்த கட்டடம் மட்டும் மிசிசாகாவில் ஏரிக்கரைச் சாலையில் இன்னும் நிற்கிறது, இப்போது கலை நிகழ்ச்சிகள் நடக்கும் இடம். ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கே போய்ச் சுவரை மட்டும் பார்த்துவிட்டு வந்தேன். என் போல்ட்டையும் யாரோ ஒரு பெண் அந்தக் கட்டடத்தில் கேஜ் வைத்துப் பார்த்திருப்பார்.

மோசினால் இலகுவாக ஓட முடியாது என்று நினைப்பவர்கள் பின்லாந்தின் எம்39-ஐ ஒரு தடவை கையில் வாங்கிப் பார்க்க வேண்டும். பின்லாந்துக்காரர்கள் ரிசீவரைப் புதிதாகச் செய்யவே இல்லை, ரஷ்ய ரிசீவர்களை எடுத்துத் தங்கள் பேரலையும் கட்டையையும் பொருத்தினார்கள். அதே இரும்பு, அதே போல்ட் வடிவம். எங்கள் ரேஞ்சில் ஒருவர் வைத்திருக்கிறார், நான் ஐந்து ரவுண்டு சுட்டேன், கைப்பிடி ஒரே மூச்சில் ஏறி இறங்கியது. விலை என்னுடையதைப் போல மூன்று மடங்குக்கு மேல், எனக்குக் கட்டுப்படியாகாது.

ஆகவே 91/30 வாங்கலாமா என்றால், தாராளமாக வாங்கலாம், மூன்று நிபந்தனையோடு. கடையில் போல்ட்டைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள், மாட்டேன் என்றால் அடுத்த கடை. வெளியே அழுக்காக, கிரீஸ் ஒட்டிக்கொண்டு, கட்டர் தடத்தோடு இருப்பதைத் தேர்ந்தெடுங்கள், மின்னுவதை வேண்டாம் என்று சொல்லுங்கள். முதல் ரவுண்டு சுடும் முன் ஒரு மெக்கானிக்கிடம் கொடுத்து மூன்று கேஜும் பார்க்கச் சொல்லுங்கள், எனக்கு 40 டாலர் ஆனது. குறி பார்த்துச் சுடுவதில் இது நடுத்தரம், சேஃப்டி போடுவது கட்டைவிரலுக்குத் தண்டனை, இடி தோளில் இரண்டு நாள் நிற்கும். தினமும் ரேஞ்சுக்குப் போய் நூறு ரவுண்டு சுட நினைப்பவருக்கு லீ என்ஃபீல்ட் மேல். ஒரு பழைய இயந்திரத்தைப் பிரித்துப் புரிந்துகொள்ள ஆசைப்படுபவருக்கு இந்த விலையில் இதற்கு இணை எனக்குத் தெரியவில்லை.

போன ஜனவரியில் மைனஸ் 18-ல் ரேஞ்சுக்குப் போனேன். அந்தக் குளிரில் கிரீஸ் போட்டால் உறைந்துவிடும் என்பதால் போல்ட்டில் மெல்லிய எண்ணெய் ஒரு சொட்டு மட்டும் போட்டிருந்தேன். கையுறையைக் கழற்றாமலே நாற்பது ரவுண்டு. பக்கத்து மேசையில் மதுரைத் தம்பி, புதுத் தலை போட்ட போல்ட்டோடு. கொஞ்சம் கரகரக்கிறது என்றார், கூடுகளை எடுத்துப் பார்த்தோம், அடியில் எந்தக் கோடும் இல்லை.